லேப்டாப் இல்லை, போனில் கூகுள் ஷீட் மட்டும்: எண்முறை இயற்பியலை எங்கே ஆரம்பிப்பது?

#1 மிளகுக்கொடி, ஏற்காடு

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வீடு ஏற்காட்டில், கல்லூரி கீழே சேலத்தில், தினமும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுகிறேன். அடுத்த செமஸ்டரில் கணினிவழி இயற்பியல் தாள் வருகிறது. சீனியர்களைக் கேட்டால் பைத்தான் படி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். என்னிடம் லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான், மழை பிடித்துக்கொண்டால் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போய்விடும். ரெக்கார்டு நோட்டுக்கு கூகுள் ஷீட்டில் வரைபடம் போட்டுப் பழக்கம் உண்டு, அவ்வளவுதான் தெரியும்.

போன வாரம் வகுப்பில் தனி ஊசலின் சமன்பாட்டை எழுதிவிட்டு, கோணம் சிறியதாக இருந்தால் சைன் தீட்டாவைத் தீட்டா என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போய்விட்டார்கள். பெரிய கோணமாக இருந்தால் அலைவு நேரம் என்ன ஆகும் என்று கேட்டேன். அதை எண்முறையில்தான், அதாவது எண்களைப் போட்டுப் படிப்படியாகக் கணக்கிட்டுத்தான், போட வேண்டும், உனக்கு இப்போது தேவைப்படாது என்று பதில் வந்தது. எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருக்கிறது. ஷீட்டிலேயே போட முடியுமா? போட்டால் பிறகு நிரல் எழுதுவதற்கு அது உதவுமா, இல்லை கெட்ட பழக்கம் ஆகிவிடுமா?

#2 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

அம்மா, தாராளமாக ஆரம்பிக்கலாம், கையில் இருப்பதே போதும். நான் முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எக்செல் பழகியது ஓய்வுக்குப் பிறகுதான், அதற்கு முன்னால் எல்லாம் லாக் டேபிளும் பேப்பரும்.

வகைக்கெழுச் சமன்பாடு என்று எழுதுகிறோமே, அது சொல்வது இதைத்தான்: இப்போது இருப்பது இவ்வளவு, இந்த வீதத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கொஞ்சம் கழித்து இருக்கப்போவது எவ்வளவு? அந்தக் கொஞ்சத்துக்குப் படி என்று பெயர். இருப்பதோடு, மாறும் வீதத்தைப் படியால் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். ஆய்லர் 1768இல் அச்சிட்ட முறை இது. ஷீட்டில் ஒரு வரிசை ஒரு கணம், அதற்குக் கீழே இருக்கும் வரிசை அடுத்த கணம், ஃபார்முலாவை ஒரு முறை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் காலம் ஓட ஆரம்பித்துவிடும்.

ஊசலை இரண்டாவதாக வைத்துக்கொள். முதலில் நீ தினமும் போய்வரும் பாதையையே எடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, எவ்வளவு குறையும் என்பது அந்த இடத்தில் இருக்கிற அழுத்தத்தைப் பொறுத்தது. வாயு மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, காற்றின் மோலார் நிறையாலும் புவியீர்ப்பு முடுக்கமான ஜி மதிப்பாலும் வகுத்தால் 25 டிகிரிக்கு ஏறக்குறைய 8,720 மீட்டர் என்று ஓர் உயரம் வரும். ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் இருக்கிற அழுத்தத்தில் 8,720இல் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள். சேலத்துக்கு 980 ஹெக்டோபாஸ்கல் போட்டு, 100 மீட்டர் படியாக ஏறு. அடுத்த செல் 968.8, அதற்கடுத்தது 957.7 என்று வர வேண்டும். 12 முழுப் படி, கடைசியில் 37 மீட்டருக்கு ஒரு சின்னப் படி. வரும் விடையை அடுக்குக்குறிச் சார்பின் சரியான விடையோடு ஒப்பிட்டு இங்கே எழுது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதையும் அட்டவணையில் பார்த்துச் சொல்.

#3 மிளகுக்கொடி, ஏற்காடு

சார், வந்துவிட்டது! ஷீட்டில் 849.7, சரியான விடை 850.4. பதின்மூன்றே வரிசையில் ஒரு ஹெக்டோபாஸ்கல்கூட வித்தியாசம் இல்லை. தண்ணீர் 95 டிகிரிப் பக்கம் கொதிக்கும் என்று அட்டவணை சொல்கிறது. அம்மாவிடம் காட்டினேன், கீழே சித்தி வீட்டில் மூன்று விசிலில் வேகும் துவரம்பருப்பு நம் வீட்டில் ஐந்து கேட்பது இதனால்தானா என்றார்கள்.

ஆனால் அந்தத் தைரியத்தில் ஊசலைப் போட்டேன், அதில் இரண்டு நாள் போய்விட்டது. ஏ நெடுவரிசையில் நேரம், பியில் கோணம், சியில் கோணத் திசைவேகம், டியில் கோண முடுக்கம். நீளம் 1 மீட்டர், ஜி 9.8, படி 0.1 விநாடி, 10 டிகிரியில் விடுகிறேன்.

முதலில் 10 என்று அப்படியே போட்டுவிட்டேன். ஷீட் அதை 10 ரேடியன் என்று எடுத்துக்கொண்டு முடுக்கத்தின் குறியையே மாற்றிவிட்டது, ஊசல் நடுவை விட்டு விலகிப் போனது. அதைச் சரிசெய்தால் இரண்டாவது வரிசைக்கு மேல் எதுவுமே நகரவில்லை. படியின் மதிப்பை எஃப்1 செல்லில் வைத்திருந்தேன், கீழே இழுக்கும்போது அது எஃப்2, எஃப்3 என்று வெற்றுச் செல்களுக்குப் போய்விட்டது, வெற்றுச் செல் என்றால் பூஜ்யம். டாலர் குறி போட்டு அந்த செல்லை நிலைநிறுத்த வேண்டும் என்று பக்கத்து வீட்டு அண்ணா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது ஊசல் ஆடுகிறது. ஆனால் ஒரு முழு அலைவு முடிந்து திரும்பி வரும்போது 10 டிகிரிக்குப் பதிலாக 25 டிகிரி வரை போகிறது, அடுத்த அலைவில் இன்னும் மேலே. ஃபார்முலாவை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன், தப்பே தெரியவில்லை. காற்றழுத்தத்துக்கு வேலை செய்த அதே முறை இங்கே ஏன் இப்படிச் செய்கிறது?

#4 நூலும் நிரலும், அம்மாப்பேட்டை

தங்கச்சி, ஃபார்முலாவில் தப்பில்லை. முறையே அப்படித்தான்.

ஆய்லர் முறை ஒவ்வொரு படியிலும் தொடுகோட்டின் வழியாகப் போகிறது. காற்றழுத்தம் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டு போவதால் அந்தப் பிழை சிறியதாகவே நின்றுவிட்டது. ஊசல் சுற்றிச் சுற்றி வருவது. வட்டத்தில் நிற்கும் ஒருவர் தொடுகோட்டில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் வெளியேதான் போவார், திரும்ப உள்ளே வரவே மாட்டார். சிறிய கோணத்துக்கு இதைக் கையிலேயே போட்டுவிடலாம். ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றல், 1 + (ஜி ÷ நீளம்) × படியின் வர்க்கம் என்ற மடங்கில் பெருகும். உன் கணக்கில் அது 1.098. ஒரு அலைவுக்கு 20 படி, 1.098ஐ இருபது தடவை பெருக்கினால் 6.5 வரும். ஆற்றல் ஆறரை மடங்கு என்றால் வீச்சு அதன் வர்க்கமூலம், இரண்டரை மடங்கு. 10 டிகிரி 25 ஆன கதை இதுதான். படியை 0.01 ஆக்கிப் பார், ஒரு அலைவுக்குப் பிறகு 11 டிகிரி வரும், குறைந்திருக்கும், ஆனால் நின்றிருக்காது.

இப்போது ஒரே ஒரு செல்லை மாற்று. கோணத்தைப் புதுப்பிக்கும்போது பழைய வேகத்தை எடுக்காமல், அதே வரிசையில் இப்போதுதான் கணக்கிட்ட புது வேகத்தை எடு. அதாவது பி3 = பி2 + சி2 × படி என்று இருப்பதை பி3 = பி2 + சி3 × படி என்று மாற்றிக் கீழே இழு. படி அதே 0.1 ஆகவே இருக்கட்டும்.

இதற்கு ஆய்லர்-குரோமர் முறை என்று பெயர். ஆலன் குரோமர் 1981இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு பள்ளி மாணவி கோள்களின் பாதைக்கு நிரல் எழுதும்போது இரண்டு வரிகளின் வரிசையை மாற்றி எழுதிவிட்டாள், பாதை அழகாக மூடிக்கொண்டது, அது ஏன் என்று தேடியதில்தான் அந்தக் கட்டுரை பிறந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு நெடுவரிசை சேர்த்து இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டி வை. ஊசல் சரியாக ஆடுகிறதா என்பதைக் கோணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்த நெடுவரிசையைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

#5 மிளகுக்கொடி, ஏற்காடு

அக்கா!! ஒரே செல்! 10 டிகிரி 10 டிகிரியாகவே நிற்கிறது. ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, ஆனால் ஒவ்வொரு அலைவிலும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அலைவு நேரம் வரவேண்டியதைவிட 0.4 சதவீதம் குறைவாக வந்தது, படியைப் பாதியாக்கினேன், 0.1 ஆனது. பாதியாக்கினால் கால்வாசி ஆகிறது, சரியா?

#6 நூலும் நிரலும், அம்மாப்பேட்டை

சரி. இனி எந்தக் கணக்கைப் போட்டாலும் படியைப் பாதியாக்கிப் பார்க்காமல் விடையை யாரிடமும் காட்டாதே.

#7 காவிரிக்கரை, மேட்டூர்

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், நல்லா இருக்கிறது. இதே முறைக்கு நம் மாவட்டத்திலேயே தினமும் புதுத் தரவு கிடைக்கிறது, மேட்டூர் அணை. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை, மட்டம் இத்தனை அடி என்று காலைச் செய்தியில் வருகிறதே, அதை ஒரு ஷீட்டில் போட்டு வருகிறேன். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி, ஒரு நாளுக்கு 86,400 விநாடி, ஆகவே 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் செய்தியைப் படிக்கும்போதே அணை நிரம்புவது கண்ணுக்குத் தெரியும்.

படி பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. வெள்ளம் ஏறும் நாளில் காலை நீர்வரத்து 40,000, மறுநாள் காலை 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்ணை மட்டும் வைத்துப் பெருக்கினால் வந்த தண்ணீர் 3.5 டி.எம்.சி. இரண்டின் சராசரியை வைத்தால் 6. ஒரே நாளில் இரண்டரை டி.எம்.சி. வித்தியாசம். இன்னொன்று, மட்டமும் கொள்ளளவும் ஒரே சீராக ஏறுவதில்லை. 120 அடிக்கு 93.47 டி.எம்.சி., ஆனால் 100 அடியில் இருப்பது சுமார் 65தான், மேலே இருக்கும் இருபது அடியில் மட்டும் 28 நிற்கிறது. அதனால் அடியை வைத்து நேர்விகிதம் போட்டால் தப்பு வரும், கொள்ளளவு அட்டவணையிலிருந்து இடைமதிப்பு எடுக்க வேண்டும். ஜூன் 12க்குத் திறப்பார்களா என்று டெல்டாவில் காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் வீட்டுப்பாடம் இல்லை.

#8 இருபது வளைவு

வணக்கம். நான் படித்தது பத்தாவது. ஏற்காட்டுக்கு சரக்கு வண்டி ஓட்டுகிறேன், மேலே மளிகை, சிமெண்ட், கீழே வரும்போது காப்பிக்கொட்டை, சில்வர் ஓக் கட்டை. என் மகன் பன்னிரண்டாவது, அவன்தான் இந்த இழையைக் காட்டினான். எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. இறங்கும்போது பிரேக் டிரம் சூடாகிக் காய்ந்த வாடை வரும், நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட முடியுமா? லோடோடு பத்து டன் வரும். கீழே அடிவாரம் வர முக்கால் மணி நேரம்.

#9 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

ஐயா, அருமையான கேள்வி. அம்மா மிளகுக்கொடி, இதை நீயே போடு. முதலில் ஷீட்டைத் திறக்காதே, பேப்பரில் மொத்த ஆற்றலைப் போட்டுப் பார், எண் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஷீட்டுக்குப் போ.

#10 மிளகுக்கொடி, ஏற்காடு

போட்டேன். பத்து டன், 1,200 மீட்டர் இறக்கம், நிலை ஆற்றல் 117.6 மெகாஜூல். நாலு சக்கரத்து டிரம்மும் சேர்த்து 200 கிலோ இரும்பு என்று வைத்தால், ஒரு டிகிரி ஏற 92,000 ஜூல் வேண்டும். எல்லா ஆற்றலும் டிரம்முக்கே போய், கொஞ்சம்கூட ஆறாமல் இருந்தால் சுமார் 1,280 டிகிரி ஏறும். இதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது, நான் தினமும் அந்த ரோட்டில்தான் வருகிறேன். டயரின் உருளல் தடை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதைச் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான் குறையும் போலிருக்கிறது.

#11 இருபது வளைவு

பாப்பா, பயப்பட வேண்டாம். ஏறின கியரிலேயே இறங்கணும், அதுதான் மலை ரோட்டு வழக்கம். இரண்டாவது, மூன்றாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், எக்சாஸ்ட் பிரேக்கும் இருக்கிறது. காலால் பிரேக் மிதிப்பது வளைவுக்கு முன்னால்தான். நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பண்ணலாம் என்று நினைக்கிறவனுக்குத்தான் நீ சொன்ன கணக்கு. பிரேக்குக்குப் போவது கால்வாசி இருக்கும் என்பது என் அனுமானம்.

#12 மிளகுக்கொடி, ஏற்காடு

நன்றி அண்ணா. 45 நிமிடத்தில் 117.6 மெகாஜூல் என்றால் சராசரி 44 கிலோவாட், அதில் கால்வாசி 11. டிரம் காற்றில் ஆறுவதற்கு, வெளியைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் 60 வாட் போகும் என்று நானே ஒரு எண் வைத்தேன். ஒரு வரிசைக்குப் பத்து விநாடி: புது வெப்பநிலை = பழையது + (உள்ளே வரும் வாட் − வெளியே போகும் வாட்) × 10 ÷ 92,000. 270 வரிசை. அடிவாரத்தில் 175 டிகிரி வருகிறது.

#13 இருபது வளைவு

இன்று இறங்கினதும் பட்டறையில் இருக்கும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டரை வாங்கி டிரம்மில் காட்டினேன். 165. அங்கேயே டீ குடித்துவிட்டு பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், 135. நிழலில் சூடு 30 இருந்தது. கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வந்ததில் ரொம்ப சந்தோஷம், பையன் இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

#14 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

ஐயா, நீங்கள் பத்து நிமிடம் காத்திருந்து இரண்டாவது தடவை அளந்ததற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், அந்த எண்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

அம்மா, 175க்கும் 165க்கும் கிட்டே வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதே. உன் ஷீட்டில் இரண்டு எண்கள் அனுமானம்: பிரேக்கின் பங்கு 25 சதவீதம், ஆறும் அளவு 60 வாட். பங்கை 35 ஆக்கு, ஆறுவதை 100 ஆக்கு. அப்போதும் 170 பக்கம்தான் வரும். இரண்டு தெரியாத எண்களை வைத்துக்கொண்டு ஒரே ஓர் அளவீட்டுக்குப் பொருத்தினால் எத்தனை ஜோடி வேண்டுமானாலும் பொருந்தும். நின்ற வண்டியில் 165 பத்து நிமிடத்தில் 135 ஆனதை வைத்து ஆறும் அளவைத் தனியாக எடு. எனக்கு ஒரு டிகிரிக்கு 39 வாட் வருகிறது. ஓடும் வண்டியில் காற்று அடிப்பதால் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஆகவே 39க்குக் கீழே இருக்கும் ஜோடிகளை எல்லாம் அடித்துவிடலாம். மிச்சத்துக்கு நடுவழியில், பத்தாவது வளைவில், ஒரு அளவு வேண்டும்.

#15 நூலும் நிரலும், அம்மாப்பேட்டை

வாத்தியார் சொன்ன இந்த இடத்தில்தான் ஷீட்டை விட்டு நிரலுக்கு மாற வேண்டும், அதற்கு முன்னால் மாற வேண்டிய தேவை இல்லை. பங்குக்கு இருபது மதிப்பு, ஆறுவதற்கு இருபது மதிப்பு என்றால் 400 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் 270 வரிசை. ஷீட்டில் இதைச் செய்யப் போனால் தாளுக்கு மேல் தாளாகக் காப்பி அடிக்க வேண்டும், எந்தத் தாளில் எந்தச் செல்லை மாற்றினோம் என்பது நமக்கே மறந்துவிடும். நிரலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று எழுதினால் முடிந்தது.

ஷீட்டின் ஆபத்தும் சிறியது இல்லை. செல்லில் எண்தான் தெரியும், ஃபார்முலா பின்னால் ஒளிந்திருக்கும். ஹார்வர்டு பொருளியலாளர்கள் இருவர் 2010இல் நாடுகளின் கடன் பற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில், சராசரி எடுக்கும்போது எக்செலில் ஐந்து நாடுகளின் வரிசைகள் தேர்வில் விட்டுப்போயிருந்தன. 2013இல் ஒரு ஆராய்ச்சி மாணவர் அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின, பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாததால்.

போனிலேயே செய்யலாம், பைடிராய்டு என்ற செயலி நெட் இல்லாமலும் ஓடும், நெட் இருக்கும்போது உலாவியிலேயே பைத்தான் ஓடும் கூகுள் கோலாப். இன்னொரு விஷயம், பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வேகம் = வேகம் + முடுக்கம் * படி என்று எழுதி, அதற்கு அடுத்த வரியில் கோணம் = கோணம் + வேகம் * படி என்று எழுதினால் அப்படியே ஓடும். உன் ஷீட்டின் இரண்டு செல்லும் இந்த இரண்டு வரிதான், இந்த வரிசையில் எழுதினால் ஆய்லர்-குரோமர். எங்கள் வீட்டில் தறியில் அட்டை வைத்துப் பூ வேலை நெய்வார்கள், ஒரு துளை தப்பினால் புடவை முழுக்க அந்தத் தப்பு ஓடும். எந்த அட்டை என்று தேடி எடுத்துவிட்டால் தீர்ந்தது. நிரலிலும் தப்பு ஒரே இடத்தில் எழுதியிருக்கும், தேடினால் அகப்படும்.

#16 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

நிரலுக்கு மாறுவதில் எனக்குச் சம்மதம், ஒரு கவலை மட்டும் சொல்கிறேன். பைத்தான் போனதும் ஆயத்தமாக இருக்கும் ஒரு செயற்கூறைக் கூப்பிட்டால் அதுவே சமன்பாட்டைத் தீர்த்து விடையைக் கொடுத்துவிடும். பிள்ளைகள் அங்கே போனதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

1825இல் ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியக் காலக் கணக்கைப் பற்றி எழுதினார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து, அதாவது எண்களை எழுத்துகளாக மாற்றி வைத்த சொற்றொடர்களிலிருந்து, எண்களை எடுத்து, எழுத்து ஒன்றுகூட எழுதாமல் அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடப் பிழையோடு வந்தது. நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது, நம் மண்ணில் எண்முறைக் கணக்கு எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது! ஆனால் முடிவு நேரத்தில் பிழை சுமார் 52 நிமிடம். அவருக்கு வாக்கியம் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் வானியல் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். அதனால் பிழை எங்கே இருக்கிறது என்று அவரால் தேடிப் போக முடியாது. அந்த நிலை இந்தக் குழந்தைக்கு வரக்கூடாது.

#17 நூலும் நிரலும், அம்மாப்பேட்டை

ஒத்துக்கொள்கிறேன் சார். அப்படியானால் ஆயத்தச் செயற்கூறு வேண்டாம், இந்த இரண்டு வரியைத் தானே எழுதட்டும், ஒரு படிக்குள் வீதத்தைப் பல தடவை கணக்கிட்டுச் சராசரி எடுக்கும் ரூங்கே-குட்டா முறையையும் கையாலேயே எழுதட்டும். நிரல் தரும் முதல் பத்து எண்கள் ஷீட்டின் முதல் பத்து வரிசையோடு கடைசி இலக்கம் வரை பொருந்த வேண்டும். பொருந்திய பிறகு ஷீட்டை மூடிவிடலாம்.

#18 மிளகுக்கொடி, ஏற்காடு

மூன்று வாரம் ஆகிவிட்டது, தேர்வு இருந்தது. ஷீட்டும் நிரலும் பொருந்தின. 5 டிகிரியிலிருந்து 175 வரை ஐந்து ஐந்தாக 35 கோணத்துக்கு அலைவு நேரம் எடுத்தேன், போனில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. சிறு கோணத்துக்கு 2.007 விநாடி, 60 டிகிரிக்கு 2.154, 90 டிகிரிக்கு 2.37. 175க்குப் போகும்போது வளைகோடு செங்குத்தாக ஏறுகிறது.

அப்புறம் நிஜமாகவும் செய்து பார்த்தேன். ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூல், கீழே வீட்டுப் பூட்டு. நூலை பூட்டின் நடு வரைக்கும் அளந்தேன். 60 டிகிரியில் விட்டு 10 அலைவு: 21.2 விநாடி. நிரல் 21.5 சொன்னது. திரும்பத் திரும்ப ஐந்து தடவை எடுத்தேன், 21.2, 21.3, 21.2, 21.1, 21.2. என் கை தாமதம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது எப்போதும் ஒரே பக்கமாகக் குறைகிறது. அப்புறம்தான் கவனித்தேன், பத்தாவது அலைவு முடியும்போது பூட்டு 45 டிகிரிதான் போகிறது. வீச்சு குறையக் குறைய அலைவு நேரமும் குறைகிறது! காற்றுத் தடைக்கு வேகத்துக்கு நேர்விகிதமாக ஒரு உறுப்பைச் சேர்த்து, 60 பத்து அலைவில் 45 ஆகும்படி அந்த மாறிலியை மாற்றினேன். நேரத்தை நான் தொடவே இல்லை, அது தானாக 21.2க்கு வந்தது. ராத்திரி பதினொன்றரை மணி, அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

#19 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அம்மா. வீச்சுக்குப் பொருத்தினாய், நேரம் தானாக வந்தது, அப்படி வந்தால்தான் மாதிரியை நம்பலாம்.

அடுத்தது நாம் இருவரும் சேர்ந்து செய்யலாமா? ஒரே ஊசல், கீழே என் வீட்டில் ஒரு தடவை, மேலே உன் வீட்டில் ஒரு தடவை. 1,237 மீட்டர் மேலே போனால் ஜி குறையும், அலைவு நேரம் பத்தாயிரத்தில் 1.9 பங்கு கூடும், காலடியில் இருக்கும் மலையின் ஈர்ப்பையும் சேர்த்தால் 1.2. ஊசல் கடிகாரமாக இருந்தால் ஒரு நாளைக்குப் பத்து விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்தங்கும். 200 அலைவுக்கு வித்தியாசம் இருபதில் ஒரு விநாடிதான். கைக்கடிகாரத்தில் பிடிக்க முடியாது.

#20 நூலும் நிரலும், அம்மாப்பேட்டை

போனில் பிடிக்கலாம். பைஃபாக்ஸ் என்று ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்த இலவசச் செயலி இருக்கிறது. போனின் அருகாமை உணரியை நிறுத்துக் கடிகாரமாக்கிவிடும், குண்டு போனுக்கு மேலே கடக்கும் ஒவ்வொரு தடவையும் நேரம் பதிவாகும். இரண்டு இடத்திலும் அதே போன்தான் இருக்க வேண்டும். நூல் வேண்டாம், ஈரத்துக்கு நீளும், எஃகுக் கம்பி போடுங்கள். மேலே பத்து டிகிரி குளிர் கூடுதல் என்றால் கம்பி சுருங்கி அலைவு நேரம் பத்தாயிரத்தில் 0.6 பங்கு குறையும், தேடுகிற வித்தியாசத்தில் பாதியை அதுவே மறைத்துவிடும், அதனால் இரண்டு இடத்திலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, இன்னொன்று. வெறும் 3 டிகிரி வீச்சில் விட்டாலும் பெரிய கோணத் திருத்தம் பத்தாயிரத்தில் 1.7 பங்கு. மலை தரும் வித்தியாசத்தைவிட அது பெரியது. வகுப்பில் உனக்கு இப்போது தேவைப்படாது என்று விட்ட திருத்தத்தைச் சேர்க்காமல் இந்தக் கணக்கை முடிக்கவே முடியாது. உன் நிரல் தயாராக இருக்கிறது, 3 டிகிரியில் படியைப் பாதி பாதியாக்கி, ஏழு இலக்கம் வரை நிலையாக நிற்கிறதா என்று பார்த்து வை.

#21 மிளகுக்கொடி, ஏற்காடு

இன்று ராத்திரியே பார்க்கிறேன் அக்கா. சார், கம்பியும் குண்டும் உங்களிடம் இருக்கிறதா?

#22 செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

பழைய பியானோ கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். குண்டு, வெள்ளிப் பட்டறையில் ஒரு பித்தளை எடைக்கல் கேட்டிருக்கிறேன். கம்பியை மடக்கக் கூடாது, அதனால் பஸ்ஸில் கொண்டு போவது சிரமம். என் வீட்டில் அளந்து முடிக்க வெள்ளிக்கிழமை ஆகும், உன் போனை அன்று கல்லூரி விட்டதும் கொண்டு வா.

#23 இருபது வளைவு

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லோடு ஏற்றுகிறேன் ஐயா. ஒரு பலகையில் நேராகக் கட்டி வைத்துவிடுங்கள், கேபினில் படுக்க வைத்து எடுத்துப் போகிறேன். பையனும் வருகிறான்.